ஒன்றரை சென்டிமீட்டர்

வண்டியில் நான் ஊற்றிய முதல் தோசை இன்னும் நினைவில் இருக்கிறது. சந்தூர்ப் பக்கம், தெரிந்தவர்களுடைய மாந்தோப்பு. எங்கள் மாருதி ஆம்னி வேனின் பின்கதவைத் தூக்கி நிறுத்தி, பின்சீட்டை மடக்கி, பிளைவுட் பெட்டியின்மேல் ஒற்றை பர்னர் அடுப்பை வைத்திருந்தோம். கல் காய்ந்ததும் நடுவில் மாவை விட்டு வட்டமாக இழுத்தேன். கரண்டியை எடுத்த பிறகும் மாவு நிற்கவில்லை. மெல்ல மெல்ல என் பக்கமாக நகர்ந்து விளிம்பில் வந்து தேங்கியது. எதிர்ப்பக்கம் மெலிந்துபோன இடம் எண்ணெய் விடுவதற்குள் கருகிவிட்டது. என் பக்கமோ அடை மாதிரி தடித்து, திருப்பிப் போட்ட பிறகும் உள்ளே பச்சை மாவாகவே இருந்தது.

தோசை போனால் போகட்டும். அன்று சாயங்காலம் நடந்ததுதான் இந்த விஷயத்தில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. அப்பளம் பொரிக்க வாணலியில் எண்ணெய் வைத்திருந்தேன். எதிர்ப்பக்க விளிம்புக்கும் எண்ணெய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, என் பக்கம் ஒரு விரல்கூட இல்லை. வீட்டுக்காரர் எதையோ எடுக்க முன்பக்கமாக வண்டிக்குள் ஏறினார். ஸ்பிரிங் அமுங்கி வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. எண்ணெய் விளிம்பைத் தாண்டி பர்னர்மேல் வழிந்தது. தீ ஒரு முழம் எழும்பியது. சமைக்கும்போது சிலிண்டரை வெளியே தரையில் நிறுத்தும் பழக்கம் இருந்ததால் குனிந்து ரெகுலேட்டரை மூட முடிந்தது. சோற்றுக் குண்டானின் மூடியை வாணலிமேல் கவிழ்த்தேன். வீட்டுக்காரர் குடத்தோடு ஓடி வந்தார். “எண்ணெய்த் தீயில தண்ணி ஊத்தாதடா!” என்று அத்தை போட்ட சத்தத்தில் அப்படியே நின்றார். முழங்கைக்குக் கீழே ஒரு கொப்புளத்தோடு எனக்குப் போயிற்று. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எங்கள் பயணங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும் எங்கள் சுற்றல் பழைய தர்மபுரி மாவட்டம் முழுக்கத்தான். ஒகேனக்கல், தீர்த்தமலை, வத்தல்மலை, ராயக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம். இரண்டு ராத்திரி, மிஞ்சினால் மூன்று. நானும் அத்தையும் வண்டிக்குள் படுப்போம், அவருக்குக் கயிற்றுக்கட்டில். காப்புக்காட்டுக்குள் அடுப்பு மூட்டவே மாட்டோம். தெரிந்தவர்களின் தோப்பு, களம், கோயில் பக்கத்து மைதானம் என்று கேட்டுக்கொண்டுதான் நிறுத்துவோம். வண்டியின் உடம்பில் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதனால் சமையலறை என்பது தூக்கி வைத்து, தூக்கி இறக்குகிற ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

நம் பக்கத்து நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு என் பாடு புரியும். பாறையும் சரிவுமான பூமி. பார்வைக்கு மட்டமாகத் தெரிகிற களத்தில்கூட மழைத்தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடியிருக்கும். ஆம்னி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும், அதன் வயிற்றிலிருக்கும் அடுப்பும் சாய்ந்தே நிற்கும்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: சக்கரத்துக்குக் கீழே கட்டை வைத்தோம். மரவாடியில் துண்டுக் கட்டைகள் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, வண்டியை மெதுவாக அதன்மேல் ஏற்றுவது. நான் வெளியே நின்று, “ஏங்க, இன்னும் கொஞ்சம்… போதும் போதும்!” என்று கத்துவேன். அதற்குள் சக்கரம் கட்டையைத் தாண்டி இறங்கிவிடும். ஒரு தடவை கட்டை சக்கரத்தடியிலிருந்து தெறித்து மாமரத்தில் போய் இடித்தது. அங்கே யாரும் நிற்காதது எங்கள் நல்ல நேரம். ஒரு பக்கத்தை ஒருவழியாகச் சரி செய்தால், முன்பின் சாய்வு மாறியிருக்கும்.

இந்த நேரத்தில்தான் அப்பா மட்டம் பார்க்க வைத்திருந்த ரசமட்டத்தைப் பரணிலிருந்து எடுத்தேன்.

அப்பா கொத்தனார். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி சுற்று வட்டாரத்தில் அவர் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. பள்ளி லீவு நாளில் என்னையும் வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவார். அஸ்திவார மட்டம் எடுக்கும்போது தண்ணீர் டியூபின் ஒரு முனை என் கையில் இருக்கும்; இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்பதை வைத்துத்தான் மட்டம் பார்ப்பார். கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொண்டு அந்த மூலைக்கு நடக்க வேண்டும். “விடு” என்றால் விரலை எடுக்கணும், “பிடி” என்றால் அடைக்கணும். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் இரண்டு பக்கத் தண்ணீரும் பொய் சொல்லும் என்று, வெயிலில் டியூபை முழுசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்.

அவருடைய ரசமட்டம் ஒரு அடி நீளம். மரக்கட்டை, மேலே பித்தளைத் தகடு, நடுவில் கண்ணாடிக் குழாய். பெயரில் ரசம் இருந்தாலும் குழாய்க்குள் இருப்பது பாதரசம் இல்லை, சாராய வகையைச் சேர்ந்த ஒரு திரவம். அதில் ஒரே ஒரு குமிழ். புதிதாகப் பார்ப்பவர்கள் குமிழ் போகிற பக்கம் பள்ளம் என்று நினைத்துவிடுவார்கள். குமிழ் காற்று, அது உயரத்தைத்தான் தேடும். குமிழ் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது.

அப்பா நிலை வைக்கும்போது ரசமட்டத்தை ஒரு முறை வைத்துப் பார்த்ததே கிடையாது. வைத்துப் பார்ப்பார், அப்புறம் முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வைப்பார். இரண்டு தடவையும் குமிழ் ஒரே பக்கம் ஒரே அளவு நின்றால்தான் அதை நம்புவார். “இதுவும் மனுசன் செஞ்சதுதானே, திருப்பி வச்சிக் கேளு” என்பார். இன்றைக்குக் கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலி இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் புடைப்போடு அடுப்பின்மேல் வைத்தால் கைப்பேசியே சாய்ந்துதான் படுத்திருக்கும். அதையும் திருப்பி வைத்துக் கேட்க வேண்டும்.

சரி, அந்த ரசமட்டத்தை அடுப்பின்மேல் வைத்தேன். குமிழ் உள்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. என் பக்கத்து முனைக்குக் கீழே சில்லறைக் காசுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தேன். குமிழ் நடுவுக்கு வந்ததும் காசு அடுக்கை ஸ்கேலில் அளந்தேன். ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு அடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 3 டிகிரி.

அந்த ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஆம்னியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 184 சென்டிமீட்டர். அதாவது ஆறு அடிக்குக் கொஞ்சம் மேல். அதே சாய்வை வண்டியில் சரிசெய்ய வேண்டுமென்றால் பின்பக்கத்தை ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். இரண்டு சக்கரத்தையும், பெட்டி சாமான் அத்தையோடு சேர்த்து. அடுப்பை மட்டும் தூக்கினால் ஒன்றரை சென்டிமீட்டர் போதும். இத்தனை நாள் ஒரு தோசைக்கல்லுக்காக ஒரு வண்டியையே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்!

படுப்பதற்கு மட்டம் வேண்டாமா என்று கேட்கலாம். மூன்று டிகிரி சாய்வு தூக்கத்தைக் கெடுக்காது, தலை மட்டும் மேட்டுப்பக்கம் இருந்தால் சரி. எங்கள் வண்டியில் அடுப்பு பின்னால் இருப்பதால் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்துவோம். பின்பக்கம் உயர்ந்திருக்கும், பின்பக்கமாகத் தலை வைத்துப் படுப்போம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: எது சிந்தினாலும் வெளியே நின்று சமைக்கிற என்மேல் வராமல் உள்பக்கம்தான் ஓடும். ரிவர்ஸ் கியர், ஹேண்ட்பிரேக், முன்சக்கரங்களுக்கு முன்னால் ஆளுக்கொரு கல். கிளம்பும்போது கல்லை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டி எடுப்போம்.

அடுப்பைத் தூக்குவது என்று முடிவானதும் கடையில் நாலு கால் ஸ்டாண்டு ஒன்று வாங்கினேன். மட்டமான தரையிலேயே ஆடியது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தால் எதிர்மூலைக் கால் எழும்பும், அதற்கு வைத்தால் இது எழும்பும். அதோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. தோப்பின் வரப்போரமாகப் போய் மூன்று கல்லைப் பொறுக்கி வந்தார். காலால் மண்ணைத் தள்ளி, மூன்றையும் நட்டு, மேலே குண்டானை வைத்தார். சுள்ளி பற்ற வைத்துக் களிக்கு உலையும் வைத்துவிட்டார். குண்டானின் விளிம்பில் கை வைத்து அழுத்திப் பார்த்தேன். அசையவே இல்லை. இத்தனைக்கும் மூன்று கல்லும் மூன்று உயரம்.

அத்தைக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. “மூணு கல்லு எங்கயாச்சும் ஆடுமா?” என்றதோடு சரி.

எனக்கோ அதை விட மனசு வரவில்லை. எந்த மூன்று புள்ளியை எடுத்தாலும் அவை ஒரே தளத்தில்தான் இருந்தாக வேண்டும். நாலாவது புள்ளி வந்தால் அது அந்தத் தளத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால்தான் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிறது, நாற்காலி ஆடுகிறது. நிலம் அளக்க வருகிறவர்களின் லெவல் கருவியைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் அடியிலும் மூன்று திருகுதான் பரவலாக இருக்கும். முதலில் குமிழை இரண்டு திருகுக்கு இணையாக வைத்து அந்த இரண்டையும் திருகி நடுவுக்குக் கொண்டு வருவார்கள். அப்புறம் தொண்ணூறு டிகிரி திருப்பி, மூன்றாவது திருகை மட்டும் தொடுவார்கள். ஆடாமல் நிற்பது மூன்றின் ஒரு குணம். ஒரு திசைச் சாய்வைச் சரிசெய்யும்போது இன்னொரு திசை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள முடிவது இன்னொரு குணம். சக்கரக் கட்டையில் நாங்கள் பட்ட அவஸ்தையே இந்த இரண்டாவதுதான்.

கிருஷ்ணகிரி வந்ததும் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். எல் ஆங்கிளில் ஒரு சட்டம், 45-க்கு 35 சென்டிமீட்டர். என் பக்கத்து இரண்டு மூலையிலும், உள்பக்கத்தின் நடுவிலும் ஆக மூன்று இடத்தில் 10 எம்.எம். நட்டு பற்ற வைத்தார். நட்டுக்குள் போல்ட், தலை கீழே இருக்கும்படி. அந்தத் தலைகள் பிளைவுட்டில் நகராமல் உட்கார மூன்று பெரிய வாஷர். சட்டத்தின்மேல் வைக்க என்ன போடலாம் என்று கேட்டதும் பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். நம் ஊரில் கிரானைட் துண்டுக்கா பஞ்சம்? பாலீஷ் போட்டு, அளவு தவறியதால் ஒதுக்கிய இரண்டு சென்டிமீட்டர் கனத் துண்டு ஒன்று கிடைத்தது. எட்டரைக் கிலோ இருக்கும். எடை கூடுதல்தான், ஆனால் அதன் மேல்தளம் போல ஒரு மட்டத்தை எந்த மரப்பலகையும் தராது. கிண்டும்போது நகராமல் பிடித்துக்கொள்ளவும் அந்தக் கனம் வேண்டும். வண்டி ஓடும்போது மட்டும் அதைச் சும்மா விடக் கூடாது. எட்டரைக் கிலோ கல் பிரேக் அடித்தால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லை உருவி, பெட்டிக்கு அடியில் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, லோடு கட்டும் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் சாவியைத் திருகுவோம்.

10 எம்.எம். போல்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும். கால்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு அடி இருப்பதால், ஒரு டிகிரிக்கு மூன்றரைச் சுற்று என்று கை பழகிவிட்டது. அன்றைய சந்தூர்ச் சாய்வுக்குப் பத்துச் சுற்று. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், இரண்டு நிமிஷ வேலை. நாலு சென்டிமீட்டர் வரை ஏற்றலாம் என்பதால் ஏழு டிகிரி வரை சமாளிக்கிறது. அதற்கு மேல் சாய்ந்த இடத்தில் வண்டியை நிறுத்துவதே தப்பு, வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

மூன்று காலோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த பயணம் தீர்த்தமலை. அத்தை களி கிண்டினார். பர்னரிலிருந்து குண்டானை இறக்கி, கல்லின் உள்மூலையில் வைத்து, துடுப்பால் இரண்டு கையும் சேர்த்து அழுத்தினார். களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு ஆளின் பாதி எடை அந்தத் துடுப்பில் இறங்கும். அந்த மூலைக்குக் கீழே கால் இல்லை. கல் சட்டென்று சாய்ந்து அடுப்பு எழும்பியது. நான் பாய்ந்து பிடித்துவிட்டேன். பர்னர் அணைந்திருந்தது, குண்டான் மட்டும் உருண்டது.

மூன்று கல் அடுப்பில் அந்த ஆபத்து வராததற்குக் காரணம், குண்டான் மூன்று கல்லுக்கும் நடுவிலேயே உட்காருவதுதான். பாரம் முக்கோணத்துக்குள் இருக்கிற வரைதான் முக்காலி நிற்கும், வெளியே போனால் கவிழும். நான் முக்கோணத்தின்மேல் நாலு மூலைப் பலகையைப் போட்டு, காலில்லாத மூலைகளை உண்டாக்கி வைத்திருந்தேன். மூன்றும் வேண்டும், நாலும் வேண்டும் என்றால் என்ன செய்வது?

விடை அப்பாவின் வேலையில் இருந்தது. துவைக்கும் கல் போடும்போது அவர் மூன்று இடத்தில் மட்டும் கலவை வைத்து மட்டம் பிடிப்பார். மட்டம் நின்ற பிறகு, மற்ற இடங்களில் சில்லுக்கல்லைச் சொருகி இடுக்கை அடைப்பார். அந்தச் சில்லுகள் கல்லைத் தூக்காது, தாங்க மட்டும் செய்யும். அதையே செய்தேன். உள்பக்க மூலை இரண்டிலும் இன்னும் இரண்டு நட்டு பற்ற வைத்தேன். முதல் மூன்று போல்ட்டால் மட்டம் பிடித்து முடிக்கும்வரை அவை இரண்டும் மேலே ஏறியே இருக்கும். கடைசியில் ஒவ்வொன்றாகக் கையால் இறக்குவேன். போல்ட் தலை வாஷரைத் தொட்டதும் விரலுக்குத் தெரியும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்பேனர் போட்டு இன்னும் அரைச் சுற்று இறுக்கினாலும் அது தாங்குவதை விட்டுத் தூக்க ஆரம்பித்துவிடும், மட்டம் போய்விடும்.

படகுகளில் ஊஞ்சல் மாதிரி தொங்குகிற அடுப்பு உண்டு, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு தானே மட்டமாக நின்றுகொள்ளும், அதை வைக்கலாமே என்று ஒரு உறவுக்காரப் பையன் சொன்னான். நல்ல யோசனைதான், அலையில் ஆடிக்கொண்டே இருக்கும் படகுக்கு. நிறுத்திய வண்டியின் சாய்வு அப்படி மாறிக்கொண்டே இருக்காது. ஊஞ்சலடுப்பில் அத்தையைக் களி கிண்டச் சொன்னால் என்ன ஆகும்? களி கிண்டத் தாங்காத அடுப்பு எங்கள் வீட்டுக்கு ஆகாது.

இப்போது எங்கள் வழக்கம் இது. வண்டியை நிறுத்தி, ஏற வேண்டியவர்கள் ஏறி, இறங்க வேண்டியவர்கள் இறங்கி, தண்ணீர்க் கேனையும் இறக்கி வைத்த பிறகுதான் ரசமட்டத்தை எடுப்பேன். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், ஒரு ஆள் ஏறினாலே குமிழ் நகர்வது கண்ணுக்குத் தெரியும். சமையல் நடக்கும்போது யாரும் வண்டியில் ஏறக் கூடாது என்பது அன்றைய கொப்புளம் போட்ட சட்டம். ரசமட்டத்தை கிரானைட்மேல் வைத்து முதலில் பார்ப்பேன். கடைசிச் சோதனை பர்னருக்கு மேலே, பாத்திரம் உட்காரும் கம்பிகளின்மேல். ஏனென்றால் அடுப்பின் ரப்பர் கால் ஒன்று தேய்ந்திருந்தால் கல் மட்டமாக இருந்தும் அடுப்பு சாய்ந்திருக்கும். ரசமட்டம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். காயாத தோசைக்கல்லின் நடுவில் அரைக் கரண்டி எண்ணெய் விட்டுப் பாருங்கள், அது எந்தப் பக்கம் போகிறது என்று.

கேஸ் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்களிடம் இருப்பது 5 கிலோ சிலிண்டர். எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் திரவம் நேராக ரெகுலேட்டருக்கு வந்துவிடும், தீ கட்டுக்கடங்காது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, வண்டியின் தரையில் தேங்கும். அதனால் பின்கதவு, பக்கக் கதவு இரண்டும் திறந்திருந்தால்தான் பற்ற வைப்பேன். மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பதோ, குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதோ கூடவே கூடாது. மூடிய இடத்தில் எரிகிற அடுப்பின் நச்சுப்புகை மணம்கூடக் காட்டாமல் ஆளைக் கொன்றுவிடும். அடுப்பைத் தாங்கும் சட்டத்தை ஏற்றி இறக்கும்போது ரப்பர் டியூப் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டிருக்கிறேன். ஓடும்போது ரெகுலேட்டரையே கழற்றிவிடுவோம்.

போன தைப்பொங்கல் அதே சந்தூர்த் தோப்பில். விடிவதற்கு முன்னால் வழக்கம்போல எல்லாம் மட்டம் பிடித்து, நாலாவது ஐந்தாவது போல்ட்டும் தொட்டு முடித்திருந்தேன். அத்தை பொங்கப்பானையில் மஞ்சள்கொத்து கட்டிக்கொண்டே, சூரியன் வரப்போகிற பக்கத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

“ஏம்மா, இது இவ்ளோ சரியா நின்னா பாலு நாலு பக்கமும் இல்ல பொங்கும்? கெழக்கால வழியணும். அந்தப் பக்கம் ரெண்டு சுத்து இறக்கு.”

இறக்கினேன். கிழக்குப் போல்ட்டில் இரண்டு சுற்று, மூன்று மில்லிமீட்டர்.